பதினொரு மனுக்கள் எழுதிய ஆயுள் சிறைவாசிக்கு

தமிழ்நாட்டின் மத்திய சிறை ஒன்றிலிருந்து, தணிக்கை முத்திரை குத்தப்பட்டு, இருபுறமும் நுணுக்கி எழுதிய நான்கு தாள்களாக, வழக்கறிஞரான எனக்கு வந்த கடிதம் இது. எழுதியவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியும், சிலவற்றை மாற்றியும் அதன் சுருக்கத்தை முதலில் தருகிறேன்.

அவருக்கு வயது 38. சேர்வராயன் மலையில், ஏற்காட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் சிற்றூரில் பிறந்து, பத்தாம் வகுப்பு வரை படித்து, காப்பித் தோட்டத்தில் மிளகு பறிக்கும் வேலைக்குப் போனவர். 2016-ஆம் ஆண்டு இறுதியில், வண்டிப்பாதை ஒன்றைப் பற்றிய தகராறில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இவர் கையால் இறந்துபோனார். 2018-இல் சேலம் அமர்வு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 2021-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. "அத்தோடு என் வழக்கு முடிந்தது" என்று ஒரே வரியில் அதைக் கடந்துவிடுகிறார்.

சிறையிலேயே பன்னிரண்டாம் வகுப்பை முடித்த அவர், கடந்த மூன்று ஆண்டுகளாக எழுதப் படிக்கத் தெரியாத மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறார். முதல் மனு மலைக்கிராமத்து இளைஞன் ஒருவனுக்காக எழுதியது. ஜாமீன் கிடைத்தும், இரண்டு ஜாமீன்தாரர்களைக் கொண்டுவர முடியாமல் ஏழு வாரங்களாக உள்ளேயே கிடந்தவன் அவன். மனுவைப் பார்த்த நீதிபதி நிபந்தனையைத் தளர்த்தினார். "பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவன் திரும்பி நின்று கையெடுத்துக் கும்பிட்டான். இங்கே வந்த பிறகு முதல் தடவையாக, எப்போது விடியும் என்று அன்று ராத்திரி காத்திருந்தேன்" என்று எழுதியிருக்கிறார்.

பதினோராவது மனுவில் சிக்கல் வந்தது. சர்க்கரை நோயுள்ள முதியவர் ஒருவருக்கு ஐந்து நாட்களாக மாத்திரை தரவில்லை என்று மற்றவர்கள் சொன்னதைக் கேட்டு, பணியாளர் ஒருவரின் பெயரைக் குறிப்பிட்டுப் புகார் எழுதினார். மருத்துவமனைப் பதிவேட்டில் மாத்திரை கொடுத்ததற்கான குறிப்பு இருந்தது. பொய்ப் புகார் எழுதினால் நடவடிக்கை வரும் என்று அவரை எச்சரித்தார்கள். அடுத்த நேர்காணலில் அவருடைய அண்ணன், "உன் வேலையைப் பார். இன்னும் ஐந்து வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் பதினாலு வருஷத்தில் வெளியே வந்துவிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மனு எழுதுவதை நிறுத்திவிட வேண்டுமா, இது முன்விடுதலையைக் கெடுக்குமா, சட்டம் படித்து வழக்கறிஞராக முடியுமா என்பவை அவருடைய கேள்விகள். கடைசித் தாளின் அடியில் இன்னொரு வரியும் இருக்கிறது: "நூறு பேரை வெளியே அனுப்பினால் நான் செய்த ஒன்றுக்கு ஈடாகுமா?"

அன்புத் தம்பி,

நீங்கள் நிறுத்த வேண்டியதில்லை. எழுதும் முறையைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஒரு சிறைவாசி இன்னொரு சிறைவாசிக்காக எழுதுவது குற்றமில்லை. இந்த நாட்டின் சிறைச் சட்டம் இன்றைக்கு இருக்கும் நிலைக்கு வந்ததே அப்படிப்பட்ட ஒரு கடிதத்தால்தான். திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, பணம் பறிப்பதற்காக வேறொரு கைதியைச் சிறைக் காவலர் சித்திரவதை செய்தார் என்று உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். தன்னைப் பற்றி அதில் அவர் எதுவும் கேட்கவில்லை. அந்தக் கடிதத்தையே நீதிமன்றம் ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டது. 1979 டிசம்பரில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, சிறைக்குள் குறைதீர்ப் பெட்டி வைக்க வேண்டும் என்பதிலிருந்து, தண்டனையாக அமையும் இடமாற்றத்தை அமர்வு நீதிபதியின் பார்வைக்கு வராமல் செய்யக்கூடாது என்பது வரை பல கட்டளைகளைப் பிறப்பித்தது. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை எப்படி இருந்தது என்பது சேலத்துக்காரர்களுக்குத் தெரியும். நாடு குடியரசாகிப் பதினாறே நாட்கள் ஆகியிருந்த 1950 பிப்ரவரி 11 அன்று, சேலம் மத்திய சிறையில் போராடிய கம்யூனிஸ்ட் சிறைவாசிகள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 பேர் இறந்தார்கள். இன்றைக்கு ஒரு தாளும் பேனாவும் நீதிபதி வரை போய்ச் சேருகின்றன. எளிதில் வந்த வழியன்று அது என்பதால்தான், அதில் கவனமாக நடக்க வேண்டும் என்று உங்களிடம் வற்புறுத்துகிறேன்.

பதினான்கு ஆண்டு என்னும் கணக்கு

உங்கள் அண்ணன் அன்பினால்தான் அப்படிச் சொன்னார். ஆனால் அவருடைய கணக்கில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. ஆயுள் தண்டனை என்பது பதினான்கு ஆண்டும் அன்று, இருபது ஆண்டும் அன்று. ஆயுள் முழுவதற்குமான தண்டனை. உச்ச நீதிமன்றம் 1961-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்களுடையதைப் போன்ற கொலை வழக்கில், பதினான்கு ஆண்டுகள் சிறையில் கழிவதற்கு முன்பு தண்டனையைக் குறைத்து அரசு விடுவிக்க முடியாது என்பதே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 433-ஏ பிரிவு. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டத்தில் அது 475-ஆம் பிரிவு. ஆகவே பதினான்காம் ஆண்டில் உங்கள் பெயரைப் பரிசீலிக்கலாம் என்பதுதான் பொருள். அன்றைக்குக் கதவு தானாகத் திறந்துவிடும் என்று அம்மாவிடம் சொல்லி வைக்காதீர்கள்.

அந்தப் பதினான்கும் மெய்யாகவே உள்ளே இருந்த பதினான்கு ஆண்டுகளாக இருக்க வேண்டும். விசாரணைக் கைதியாக இருந்த நாட்கள் சேரும். விசாரணையின்போது எட்டு மாதம் ஜாமீனில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த எட்டு மாதம் சேராது. நன்னடத்தைக்காகக் கிடைத்த தண்டனைக் குறைப்பு நாட்களும் இந்தக் கணக்கில் வராது. பரோலில் வெளியே இருந்த நாட்களும் வராது என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அப்படிப் பார்த்தால், அண்ணன் நினைப்பதுபோல் 2030 இறுதி அன்று, 2031-இன் நடுப்பகுதிதான் உங்கள் நாள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அரசியல் சாசனத்தின் 161-ஆம் பிரிவின்படி, அமைச்சரவையின் ஆலோசனையில் ஆளுநருக்கு உள்ள அதிகாரத்தை 433-ஏ கட்டுப்படுத்தாது. எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு 2018-இல் பத்து ஆண்டுகள் முடித்த ஆயுள் சிறைவாசிகளைப் பரிசீலித்தது. அண்ணா பிறந்த நாளை முன்னிட்டு 2021-இல் 700 பேரை விடுவிப்பதாக அறிவித்தது. இவற்றை உரிமையாகக் கேட்க முடியாது. ஆனாலும் ஒவ்வோர் அரசாணையிலும் எந்தெந்த வகை வழக்குகள் விலக்கப்பட்டிருக்கின்றன என்பதை ஊன்றிப் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனுடைய இரண்டாவது பிழை, வாய் மூடியிருப்பவருக்குத்தான் விடுதலை கிடைக்கும் என்று எண்ணுவது. பரிசீலிக்கும்போது பார்க்க வேண்டியவற்றை 2000-இல் உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்தது: குற்றம் சமுதாயத்தைப் பரவலாகப் பாதித்ததா, மீண்டும் குற்றம் செய்ய வாய்ப்பு உண்டா, குற்றம் செய்யும் திறனை இழந்துவிட்டாரா, இனியும் அடைத்து வைப்பதால் பயன் உண்டா, குடும்பத்தின் நிலைமை என்ன என்பவை அவை. பேச்சு அடங்கி இருந்தாரா என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை. பேரறிவாளனை 2022 மே மாதம் விடுவித்தபோதும், நெடுங்காலச் சிறைவாசம், உடல்நலக் குறைவு ஆகியவற்றோடு சிறையில் அவர் பெற்ற படிப்பையும் நன்னடத்தையையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. கொள்கை வகுத்துள்ள மாநிலங்களில், தகுதி பெற்றவரின் பெயரை அவர் மனு கொடுக்காவிட்டாலும் பரிசீலிக்க வேண்டும், மறுத்தால் காரணத்தை அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு சொல்கிறது.

பதினோராவது மனுவில் நேர்ந்தது

அண்ணனுடைய அச்சத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1894-ஆம் ஆண்டின் சிறைச் சட்டம், 45-ஆம் பிரிவில் சிறைக் குற்றங்களைப் பட்டியலிடுகிறது. அலுவலர் மீதோ இன்னொரு கைதி மீதோ வேண்டுமென்றே பொய்க் குற்றம் சாட்டுவது அவற்றுள் ஒன்று. நீங்கள் வேண்டுமென்று பொய் எழுதவில்லை. கேட்டதைக் கண்டதைப்போல் எழுதினீர்கள். ஆனால் தாளில் அந்த வேறுபாடு தெரியாது. சிறைத் தண்டனை ஒன்று உங்கள் பதிவேட்டில் ஏறிவிட்டால் தண்டனைக் குறைப்பு நாட்கள் போகக்கூடும், முன்விடுதலைக் குழுவின் முன்பு அந்தப் பக்கமும் திறக்கப்படும்.

அந்த முதியவருக்கு ஒருவேளை மாத்திரை கொடுக்கப்பட்டிருக்கலாம்; ஒருவேளை பதிவேடு மட்டும் எழுதப்பட்டிருக்கலாம். உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவரிடமே உட்கார்ந்து கேட்டு, "கடைசியாக மாத்திரை எப்போது கிடைத்தது, அதன் நிறம் என்ன, யார் கொடுத்தார்கள்" என்று அவர் சொன்னதை அவர் வாய்மொழியாகவே எழுதி, அவருடைய கைநாட்டை வாங்கி, யார் மீதும் குற்றம் சுமத்தாமல் "இவருக்குச் சர்க்கரை அளவைச் சோதித்துச் சிகிச்சை தர வேண்டும்" என்று மட்டும் கேட்டிருந்தால், அந்த மனுவை யாரும் பொய் என்று சொல்லியிருக்க முடியாது. அவருக்கும் அன்றே பரிசோதனை நடந்திருக்கும்.

நானும் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டில், சட்ட உதவி வழக்கறிஞராகச் சிறைக்குப் போய் ஒருவருக்காக எழுதிய ஜாமீன் மனுவில், குற்ற எண் 124 என்பதை 142 என்று எழுதிவிட்டேன். மனு திருப்பப்பட்டது. அதைத் திருத்தி மறுபடியும் தாக்கல் செய்யப் பதினோரு நாட்கள் ஆயின. அந்தப் பதினோரு நாட்களும் அவர் உள்ளே இருந்தார். இப்போதும் குற்ற எண்ணை எழுதும்போது விரலால் ஒவ்வோர் எண்ணையும் தொட்டுப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனு எழுதிக் கொடுத்ததற்காகச் சிலர் கேன்டீன் பிஸ்கட் கொடுக்கிறார்கள், வாங்கிக்கொள்கிறேன் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். தம்பி, அதை இன்றே நிறுத்துங்கள். பிஸ்கட் கொடுக்க முடியாதவர் நாளைக்கு உங்களிடம் வரத் தயங்குவார். கூலிக்கு மனு எழுதுகிறார் என்ற பேச்சும் எழும். அதன் பிறகு நீங்கள் எழுதும் உண்மையும் எடுபடாது.

சட்டத் தன்னார்வலர் என்னும் வழி

உங்கள் கடிதத்தில் எங்கும் இது இடம்பெறவில்லை என்பதால், இதைத் தெரியாமல்தான் தனியாக எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் திட்டத்தில், நீண்ட கால தண்டனை அனுபவிக்கும், படித்த, நன்னடத்தையுள்ள சிறைவாசிகளையும் சட்டத் தன்னார்வலர்களாகத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கலாம் என்று இருக்கிறது. சிறைச் சட்ட உதவி மையத்தில் மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதும், வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று எடுத்துச் சொல்வதும் அவர்களுடைய வேலை. நீங்கள் இருக்கும் மாவட்டத்தின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்கு, கண்காணிப்பாளர் வழியாக, உங்கள் படிப்பையும் இதுவரை எழுதிய மனுக்களையும் குறிப்பிட்டு ஒரு விண்ணப்பம் அனுப்புங்கள். இப்போது நீங்கள் பாயில் உட்கார்ந்து எழுதும் அதே மனுவை, அப்போது மேசையில், பதிவேட்டில் எண் போட்டு எழுதுவீர்கள். எச்சரித்த அலுவலருக்கும் அது தொந்தரவாகத் தெரியாது, தன் சிறையின் ஒரு வேலையாகத் தெரியும். காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவச வழக்கறிஞர் கிடைக்க வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். அந்த வழக்கறிஞரையும் அவரைக் கேட்கத் தெரியாத மனிதரையும் சேர்த்து வைப்பது உங்களால் முடியும்.

அந்த மலைக்கிராமத்து இளைஞனைப் போன்றவர்கள் இன்னும் வருவார்கள். சொந்தப் பெயரில் வீட்டு வரி ரசீது உள்ள இரண்டு பேரைத் தேடி, அவர்களைக் கூலி வேலையை விட்டு மலையிறக்கி நீதிமன்றத்துக்குக் கூட்டிவருவது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்குத் தெரிந்த அளவு சேலத்து வழக்கறிஞர்கள் பலருக்குத் தெரியாது. வேறு மாவட்டத்துக்காரர் என்பதற்காக ஜாமீன்தாரரை மறுக்கக்கூடாது என்பது 1978-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஜாமீன் கிடைத்து ஒரு மாதத்துக்குள் பத்திரம் கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்கலாம் என்பது 2023 ஜனவரி 31 ஆணை. பணம் கட்ட முடியாத ஏழை விசாரணைக் கைதிக்கும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கும் உதவும் மத்திய அரசுத் திட்டமும் 2023-இல் வந்திருக்கிறது. விசாரணைக் கைதிகளில் இதற்கு முன் தண்டனை பெறாதவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தைக் கழித்திருந்தால், புதிய சட்டத்தின் 479-ஆம் பிரிவில் அவரைச் சொந்தப் பத்திரத்தின் பேரில் விட வேண்டும். நீதிமன்றத்துக்கு எழுதுவது கண்காணிப்பாளரின் கடமை. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தாது. யாருக்குப் பொருந்தாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பொய்யான நம்பிக்கையோடு மாதக்கணக்கில் நாள் எண்ணுவதைப் போன்ற கொடுமை சிறையில் வேறில்லை.

அமர்வு நீதிபதியும் மாவட்ட ஆட்சியரும் பார்வையாளர்களாக வரும் நாட்களில், தனி மனிதர் பெயர் சொல்லாமல், எல்லோருக்கும் பொதுவான குறைகளை எழுதிக் கொடுக்கலாம். சாதி பார்த்துச் சிறை வேலைகளைப் பிரிப்பது அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதை உங்களுடன் இருப்பவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

வழக்கறிஞர் ஆவது

அஞ்சல் வழியில் படித்த சட்டப் பட்டத்தைக் கொண்டு வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. வகுப்புக்குப் போய்ப் படிக்க வேண்டும். மேலும், ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர், விடுதலையாகி இரண்டு ஆண்டுகள் கழியும் வரை பதிவு செய்யத் தகுதியற்றவர் என்று வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24-ஏ பிரிவு சொல்கிறது. உள்ளே இருக்கும்வரை அது நடக்காது. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டப்படிப்பில் சேருங்கள். அது இன்றைக்கே முடியும்.

ஈடு

நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கு நான் சட்டத்திலிருந்து பதில் சொல்ல முடியாது. ஈடாகாது என்றுதான் நினைக்கிறேன். நூறு பேர் வீடு திரும்பினாலும் பக்கத்து ஊரில் அந்த ஒரு வீட்டுக்கு அவர் திரும்ப மாட்டார். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதினால், ஒரு மனு தள்ளுபடியாகும்போதெல்லாம் உங்களுடைய கடன் ஏறியதாகத் தோன்றும். பதினோராவது மனுவில் நீங்கள் அவசரப்பட்டதற்கும் அதுதான் காரணமோ என்று எனக்குச் சந்தேகம். அந்த இளைஞன் ஏழு வாரம் வீணாக உள்ளே இருந்தான் என்பதே அவனுக்காக எழுதுவதற்குப் போதுமான காரணம்.

இறந்தவரின் குடும்பத்துக்குக் கடிதம் எழுத வேண்டும்போல் இருக்கிறது என்கிறீர்கள். நேரடியாக எழுதாதீர்கள். சமரசத்துக்கு மிரட்டுகிறார் என்று அவர்கள் கலங்கலாம், அப்படிக் கலங்குவதற்கு அவர்களுக்கு முழு உரிமை உண்டு. உங்களால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அமர்வு நீதிமன்றத் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். அபராதத் தொகையை இறந்தவரின் மனைவிக்கு இழப்பீடாகக் கொடுக்கும்படி அதில் இருந்தால், அந்தத் தொகை கட்டப்பட்டதா, அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று வழக்கறிஞர் மூலம் விசாரியுங்கள். கட்டப்படவில்லை என்றால், உங்கள் சிறைக் கூலியிலிருந்து நீதிமன்றத்தின் வழியாகவே கட்டுங்கள்.

உங்கள் சொந்த மனு

நான்கு தாள்களில் உங்கள் வழக்கைப் பற்றி மூன்று வரிகள்தான் இருக்கின்றன. உயர் நீதிமன்றத்தோடு வழக்கு முடிந்துவிடவில்லை. உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு போடலாம். காலதாமதத்தை மன்னிக்கக் கோரலாம். உச்ச நீதிமன்றச் சட்டப் பணிகள் குழு கட்டணமின்றி வழக்கறிஞரை நியமிக்கும். தீர்ப்பு நகலைச் சிறைவாசிக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று 1978-லேயே சொல்லப்பட்டிருக்கிறது. திடீர்த் தகராறில் நேர்ந்த சாவு என்பதால், கொலையா, கொலையாகாத மரணமா என்ற கேள்வியை ஒரு மூத்த வழக்கறிஞர் பார்ப்பது நல்லது. வெற்றி கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஒருமுறையாவது யாராவது முழுதாகப் படித்துப் பார்க்கட்டும் என்கிறேன்.

இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூடச் சாதாரண விடுப்புக்கு நீங்கள் விண்ணப்பிக்கவில்லை. ஊருக்குப் போனால் அந்தக் குடும்பத்தின் முகத்தில் விழிக்க வேண்டுமே என்பது உங்கள் தயக்கம். 1982-ஆம் ஆண்டு விடுப்பு விதிகளின்படி விண்ணப்பிக்கும்போது, எங்கே தங்கப்போகிறீர்கள் என்பதைத்தான் குறிப்பிடுவீர்கள். அது மலையாக இருக்க வேண்டும் என்பதில்லை. சேலம் கன்னங்குறிச்சியில் அக்கா வீடு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த முகவரியைக் கொடுங்கள். நன்னடத்தை அலுவலர் அங்கே வந்து விசாரிப்பார் என்று அக்காவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். விடுப்பு நாட்கள் பதினான்கு ஆண்டுக் கணக்கில் சேராது என்று மேலே சொன்னேன். தெரிந்தேதான் போகச் சொல்கிறேன். ஒரு கண்ணில் புரை விழுந்த உங்கள் அம்மா, இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, சேலத்தில் பேருந்து மாறி உங்களைப் பார்க்க வருகிறார். கண் அறுவைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போக ஆளில்லை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார் என்று எழுதியவர் நீங்கள்தான். பன்னிரண்டாவது மனுவை அந்த விடுப்புக்காக எழுதுங்கள். அம்மாவின் மருத்துவச் சீட்டின் நகலை அதனுடன் இணைக்க மறவாதீர்கள்.